ஆசிரியர் கேட்ட பரிசு: 1962 ஜகார்த்தா இறுதியாட்டம்

உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பாடசாலை அதிபர் ஒருவர் ஏன் வந்தார் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதுவும் கண்டி மாநகரிலிருந்து வந்த ஒருவர். கண்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவன தலதா மாளிகையும், பெரஹராவும், பேராதனைப் பூங்காவுமே. விளையாட்டு என்று கேட்டாலோ, 1874ஆம் ஆண்டில் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் றக்பி ஆட்டத்தைச் சொல்வார்கள். இந்நகரிற் பிறந்து உலகப் புகழ் எய்திய முத்தையா முரளிதரனின் பந்துவீச்சைச் சொல்வார்கள். உதைபந்தாட்டம் அவ்வரிசையிலே பின்னால்தான் நிற்கும். ஆயினும் இந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு மாலை வேளையிற் சென்று பாருங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அருகே சிறிது சமநிலம் கிடைத்தாற் போதும். இரண்டு கல்லை இப்பக்கமும் இரண்டு கல்லை அப்பக்கமும் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வெறுங்காலுடன் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். காசில்லாதவனுக்கும் கதவு திறக்கும் ஆட்டம் இது. ஆதலால் இதன் வரலாற்றிலே எளியோரின் வரலாறும் கலந்திருக்கிறது.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எமக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமைகளில் எங்களைப் போகம்பறைத் திடலுக்கு அழைத்துச் செல்வார். அத்திடல் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்பதையும், அந்நியர் ஆட்சியிலே அது தூர்க்கப்பட்டு நிலமாயிற்று என்பதையும் முதலிற் சொல்லி, அதன் பின்னரே எங்களை ஆடவிடுவார். ஆட்டம் முடிந்து நாங்கள் களைத்து உட்கார்ந்திருக்கும்போது, ஜகார்த்தா நகரில் நடந்த ஓர் இறுதியாட்டத்தின் கதையை, தரையிலே குச்சியாற் கோடு கீறி, இன்னார் இங்கே நின்றார், இன்னார் இவ்வழி ஓடினார் என்று விளக்குவார். அக்கதையை அவர் எத்தனை முறை சொன்னாரோ நான் அறியேன். எத்தனை முறை சொன்னபோதும், இறுதியில் அவர் பேசியது கோல் போட்டவரைப் பற்றியன்று. திடலுக்கு வெளியே நின்ற ஒரு மனிதரைப் பற்றியே. அந்த மனிதர் தொழிலாற் பள்ளி ஆசிரியர். அவருடைய கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1962ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 4ஆம் திகதி. இந்தோனேசியாவின் தலைநகராகிய ஜகார்த்தாவில், நான்காவது ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்ட இறுதியாட்டம். ஒருபுறம் தென் கொரியா, மறுபுறம் இந்தியா. ஆட்டம் நடந்த செனாயன் அரங்கு அவ்வாண்டிலேயே புதிதாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் கூடியிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியா தோற்கவேண்டும் என்று விரும்பினர். அது ஏன் என்பதற்குப் பின்னர் வருவேன். அதற்கு முன், இந்திய அணி அந்த இடத்தை அடைந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

இந்தியாவின் உதைபந்தாட்டம் 1950களிற் கண்ட ஏற்றமும் இறக்கமும் வியப்புக்குரியவை. 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில், ஈரானை ஒரு கோலால் வென்று இந்தியா தங்கம் பெற்றது. மேவாலால் அந்தக் கோலைப் போட்டார். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கிலே தோற்றது. அன்றைய அணியிற் பலர் பாதணி அணியாமல் ஆடியவர்கள். குளிர்ந்த ஈரத்தரையில் வெறுங்கால் வழுக்கியது. அத்தோல்வியின் பின்னரே பாதணி கட்டாயமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில், அதே நாட்டின் அணி அவுஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டாக வென்று அரையிறுதியை எட்டியது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய அணி அதுவே. பதக்கம் கிட்டவில்லை, நான்காம் இடமே கிடைத்தது. எனினும், பத்துக் கோல் வாங்கிய நாடு நான்கே ஆண்டுகளில் உலகின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாக நின்றது சிறு காரியமன்று.

இக்காலத்தின் கதையிலே நமது தீவுக்கும் ஓர் இடமுண்டு. இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது. 1952இல் அனைத்துலகச் சம்மேளனத்தில் இணைந்தது. அதே 1952இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் கலந்துகொண்ட சுற்றுப்போட்டி கொழும்பிலே தொடங்கிற்று. கொழும்புக் கிண்ணம் என்பது அதன் பெயர். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தமக்குள் நட்புப் பேணிக்கொள்ள எடுத்த முயற்சிகளுள் அதுவும் ஒன்று எனலாம். முதலாண்டிலே இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் 1953இல் ரங்கூனிலும், 1954இல் கல்கத்தாவிலும், 1955இல் டாக்காவிலும் நடந்த போட்டிகளில் இந்தியாவே வென்றது. நான்கு ஆண்டுகளோடு அக்கிண்ணத்தின் கதை முடிந்தது. ஆயினும், அயல்நாட்டு அணியை எதிர்த்து ஆடுவது எப்படி என்பதை நம்மவர் கற்றுக்கொண்ட முதற் பள்ளிக்கூடம் அதுவேயாகும்.

அந்த ஆண்டுகளில் இந்திய அணியைப் பயிற்றுவித்தவரே நான் முன்னே குறிப்பிட்ட ஆசிரியர். சையது அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். 1909ஆம் ஆண்டில் ஐதராபாத்திலே பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்றவர். ஐதராபாத் நகரின் பாடசாலைகளிலே ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் உடற்கல்வியிலும் தகுதி பெற்றுக்கொண்டார். ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியை அவர் பயிற்றுவித்த காலத்தில், அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1950இல் இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. ஆட்டக்காரர்கள் அவரை 'ரஹீம் சாகிப்' என்றே மரியாதையாக அழைத்தார்கள்.

அவருடைய முறைகளை நோக்கினால், அவை பாடசாலை வகுப்பறையிலே பழகிய ஒருவரின் முறைகள் என்பது புலனாகும். நல்லாசிரியன் ஒருவன் மாணவனின் குறை எதுவெனக் கண்டு, அக்குறைக்கு ஏற்ற பயிற்சியைக் கொடுப்பான். ரஹீமும் அவ்வாறே செய்தார். பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு தனியே ஓட விரும்பும் பிள்ளைகளுக்காக, அவ்வாறு ஓடுவதைத் தடைசெய்த போட்டிகளை நடத்தினார். அங்கே பந்து வந்த உடனே அதை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடவேண்டும். வலக்கால் பலமாயிருந்து இடக்கால் பலவீனமாயிருப்போருக்காக, பலவீனமான காலாலேயே ஆடவேண்டிய போட்டிகளை நடத்தினார். உயரம் குறைந்த சிறுவர் நெடியவர்களிடையே சிக்கி ஒதுங்கிவிடாதபடி, அவர்களுக்கென்று தனிப் போட்டியும் ஏற்படுத்தினார். மத்திய முன்வரிசை ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி எதிரணியின் காவலைக் குழப்பும் புதிய வியூகத்தையும், ஐரோப்பியர் ஆடும் முறைகளைக் கூர்ந்து கற்று, தம் அணியிலே கையாண்டார். பணமும் வசதியும் குறைந்த ஒரு நாட்டில் இவற்றையெல்லாம் அவர் செய்தார் என்பதை மறத்தலாகாது.

ஜகார்த்தா சென்ற அணியிலே தமிழரும் இருந்தனர் என்பது நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. ஒருவர் பீற்றர் தங்கராஜ். ஐதராபாத்திலே பிறந்த தமிழர். ஆறடிக்கு மேல் நெடிதுயர்ந்த உருவம். நீலகிரி மலையிலுள்ள வெலிங்டன் முகாமிலே, மதராஸ் படைப்பிரிவின் மையத்திற் சேர்ந்தவர். தொடக்கத்திலே முன்வரிசையில் ஆடியவர், பின்னர் கோல் காப்பாளராயினார். அப்படைப்பிரிவின் அணி 1955இலும் 1958இலும் தூராந்து கிண்ணத்தை வென்றது. இன்னொருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில், வறிய தமிழ்க் குடும்பமொன்றிலே பிறந்தவர். பலராமின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார். நாள்தோறும் அத்தனை தொலைவு வந்துபோகப் பையனிடம் காசில்லை. மிதிவண்டிக்கு வேண்டிய செலவை ரஹீமே கொடுத்து உதவினார் என்று பலராம் பிற்காலத்திற் கூறியுள்ளார். அந்த மிதிவண்டிச் செலவு இல்லையாயின், ஆசியாவின் மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களுள் ஒருவரை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆசிரியன் ஒருவன் தன் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் சில்லறைக் காசு எவ்வளவு தூரம் செல்லவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

தமிழர் மட்டுமல்லர். அவ்வணியின் தலைவர் சுனி கோஸ்வாமியும், வலப்புற முன்வரிசை வீரர் பி. கே. பானர்ஜியும், அருண் கோஷும் வங்காளத்து அணிகளிலே புகழ்பெற்றவர்கள். ஜர்னைல் சிங், திரிலோக் சிங் ஆகியோர் பஞ்சாபியர். யூசுப் கான் ஐதராபாத்தவர். சந்திரசேகரன் கேரளத்தைச் சேர்ந்தவர். பிராங்கோ கோவா வழியினர். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்தவர் எனப் பல சமயத்தார். ஒருவர் மொழி மற்றொருவருக்கு விளங்காது. இவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழி பந்து ஒன்றே. அம்மொழியின் இலக்கணத்தை ரஹீம் கற்பித்தார்.

இனி ஜகார்த்தாவுக்கு வருவோம். அவ்விழா தொடங்கும்போதே சர்ச்சையுடன் தொடங்கிற்று. இஸ்ரேல், தாய்வான் ஆகிய இரு நாடுகளின் வீரருக்கும் இந்தோனேசிய அரசு நுழைவு அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டு விழா என்ற எண்ணத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரும், ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் உயர் பதவியில் இருந்தவருமான ஜி. டி. சோந்தி என்னும் இந்தியர் இதனைக் கண்டித்தார். உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் விழாவை ஆசிய விளையாட்டு விழா என்று அழைத்தல் தகாது என்று வாதிட்டார். அவர் கூறியது நியாயமே. ஆனால் விழாவைத் தம் நாட்டின் மானமாகக் கருதிய மக்கள் அதனை அவமதிப்பாகக் கொண்டனர். சினம் இந்தியர் மீது திரும்பியது. செப்தெம்பர் 3ஆம் திகதி, அதாவது இறுதியாட்டத்துக்கு முதல்நாள், கூட்டமொன்று ஜகார்த்தாவிலிருந்த இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. வண்டியிலிருந்த இந்திய அடையாளங்களை அகற்றிவிட்டு, வெளியிலிருப்போர் காணாதவாறு குனிந்தமர்ந்து அரங்குக்குச் சென்றதாக ஆட்டக்காரர்கள் பின்னாளிலே நினைவுகூர்ந்துள்ளனர். அரசியலிலே மூத்தோர் பேசிய பேச்சின் விலையை, பந்தாட வந்த இளைஞர் கொடுக்க நேர்ந்தது.

திடலிலும் துன்பங்கள் குறைவில்லை. முதலாவது ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் இந்தியா தோற்றது. கொரிய அணி சாதாரணமானதன்று. ஆசியக் கிண்ணத்தை 1956இலும் 1960இலும் வென்ற அணி அது. அடுத்து தாய்லாந்தை நான்குக்கு ஒன்றாக இந்தியா வென்றது. ஆனால் அவ்வாட்டத்திலே, பின்வரிசையின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்கின் தலையிற் காயம்பட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. அவரின்றியே ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் யப்பானை இரண்டு கோல்களால் வென்று, அணி அரையிறுதிக்குச் சென்றது. தங்கராஜோ காய்ச்சலால் வருந்தினார். இளைஞரான பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார்.

அரையிறுதியில் தென் வியட்நாம் எதிர்ப்பட்டபோது ரஹீம் ஒரு துணிவான முடிவெடுத்தார். தலையிலே தையலுடன் இருந்த ஜர்னைல் சிங்கை மீண்டும் திடலுக்கு அழைத்தார். ஆனால் பின்வரிசைக்கன்று, மத்திய முன்வரிசைக்கு. தலையாற் பந்தை முட்டி அகற்றும் வேலை பின்வரிசைக் காவலனுக்கே மிகுதி. அது காயத்துக்கு ஆகாது. முன்வரிசையிலோ, வலிமையான உடலும் அஞ்சாத நெஞ்சும் உள்ள ஒருவன் எதிரணியின் காவலைக் கலங்கடிக்கலாம். இளமையிலே ஜர்னைல் முன்வரிசையில் ஆடிய பழக்கமுள்ளவர் என்பதையும் ரஹீம் அறிந்திருந்தார். மாணவனின் பழைய குறிப்பேட்டையும் மறவாத ஆசிரியர் அவர். அவ்வாட்டத்திலே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தியா வென்றது. ஜர்னைல் ஒரு கோலும், தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் போட்டனர்.

ஆகவே இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. அவ்விழாவின் காலத்தில் ரஹீம் நோயுற்றிருந்தார். நுரையீரலைப் பற்றிய புற்றுநோய் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இறுதியாட்டத்துக்கு முந்திய இரவில் அவர் தம் வீரர்களிடம், நாளை எனக்கு ஒரு பரிசு தாருங்கள், தங்கத்தைக் கொண்டு வாருங்கள் என்ற கருத்துப்படக் கேட்டார் என்பதை, அவ்வணியினர் முதுமையிலும் கண்கலங்கச் சொல்லி வந்தனர். வகுப்பறையிலே மாணவர்க்கு வேண்டியதை ஆசிரியர் கொடுப்பதே வழக்கம். தமக்கென்று ஒன்றைக் கேட்கும் ஆசிரியரை மாணவர் எளிதிலே காண்பதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டேயிருந்த ஒருவர் முதன்முறையாகக் கேட்டபோது, அந்தச் சொல்லுக்கு எத்தகைய கனம் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

மறுநாள் அரங்கிலே இந்திய நாட்டுப்பண் ஒலித்தபோது கூட்டம் கூச்சலிட்டது. ஆட்டக்காரர் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஏளன ஒலி எழுந்தது. அந்தப் பெருங் கூட்டத்திடையே, அவ்விழாவில் ஹொக்கித் தங்கத்தை வென்ற பாகிஸ்தான் அணியினர் இந்தியருக்கு ஆதரவாகக் கைதட்டினர் என்று வீரர்கள் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளனர். பிரிவினை நடந்து பதினைந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசுகள் மறந்த உறவை ஆட்டக்காரர் மறக்கவில்லை.

காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜையே ரஹீம் அன்று கோலிலே நிறுத்தினார். கொரியர் உயரப் பந்தை அனுப்பித் தாக்குவதில் வல்லவர். அதைத் தடுக்க நெடியவரின் கைகள் வேண்டும். ஜர்னைல் அன்றும் மத்திய முன்வரிசையிலேயே நின்றார். முதலாவது ஆட்டத்திலே அவரைப் பின்வரிசையிற் கண்டிருந்த கொரியருக்கு இது புதிய சோதனை. பதினேழாவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதற் கோலைப் போட்டார். அரங்கு சற்று அடங்கியது. மூன்றே நிமிடம் சென்று, இருபதாவது நிமிடத்திலே, தையலிட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் போட்டார். அதன் பின்னர் நீண்ட நேரம் இந்தியக் காவல்வரிசைக்குச் சோதனைக் காலம். அருண் கோஷ் முதலியோர் தளரவில்லை, தங்கராஜ் கலங்கவில்லை. எண்பத்தைந்தாவது நிமிடத்திலேதான் கொரியருக்கு ஒரு கோல் கிட்டியது. எஞ்சிய ஐந்து நிமிடங்களும் கழிந்தன. இரண்டுக்கு ஒன்று. ஆசிரியர் கேட்ட பரிசு அவர் கைக்கு வந்தது.

ஒன்பது மாதங்கள் கழிந்து, 1963 யூன் 11ஆம் திகதி ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பலராமும் நோயின் காரணமாக இளவயதிலேயே ஆட்டத்தை விட்டு விலகினார். தங்கராஜ் 1967இல் அருச்சுனா விருது பெற்று, 2008இல் மறைந்தார். பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல் ஒருவர் பின் ஒருவராகச் சென்றனர். பலராம் 2023இல் மறைந்தார். 1962க்குப் பின் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்கு மீண்டும் கிட்டவில்லை. 1970இல் பாங்கொக்கிலே பெற்ற வெண்கலமே அதன் பின் வந்த பதக்கம். ரஹீமின் பெயரும் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 2024இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படமே அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகஞ் செய்தது.

ரஹீமுக்குப் பின் இந்திய உதைபந்தாட்டம் ஏன் தாழ்ந்தது? காரணங்கள் பல உண்டு. ஆசியாவின் பிற நாடுகள் பணமும் திட்டமும் கொண்டு விரைந்து முன்னேறின. கிரிக்கெட் மக்களின் மனத்தைக் கவர்ந்தது. எனினும் ஒரு காரணத்தை ஆசிரியனாகிய நான் அழுத்திச் சொல்வேன். ரஹீம் விளைவித்தது பயிர். அவர் அமைத்த வயலைப் பின்வந்தோர் உழவில்லை. தெருவிலும் பள்ளியிலும் ஆடும் சிறுவனைத் தேடிச்சென்று, அவனுடைய குறையறிந்து பயிற்றுவிக்கும் பொறுமை அருகிற்று. இறுதியாட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கான விதைப்பு அதற்குப் பத்தாண்டு முன்னரே, பெயர் தெரியாத ஏதோவொரு பள்ளித் திடலிலே நடந்திருக்கவேண்டும்.

இவ்வுண்மை நமது நாட்டுக்கும் பொருந்தும். நாமும் ஓர் இறுதியாட்டத்தை வென்றவர்களே என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1995 ஏப்ரல் 2ஆம் திகதி, கொழும்பு சுகததாச அரங்கிலே, தென்னாசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை எதிர்த்தாடியது. வழமையான நேரத்தில் இருதரப்பும் கோல் போடவில்லை. மேலதிக நேரத்தில் முதலாவது கோல் விழுந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும் என்னும் 'தங்கக் கோல்' விதி அப்போது நடைமுறையில் இருந்தது. 1993இல் வந்து 2004இல் நீங்கிய விதி அது. 1996இல் இலண்டன் வெம்பிளி அரங்கிலே, ஐரோப்பியக் கிண்ணத்தை ஜெர்மனி அவ்விதியால் வென்றதை உலகம் நினைவு கொண்டுள்ளது. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே கொழும்பிலே இலங்கை அவ்வாறு வென்றுவிட்டது.

அன்று நான் இளம் ஆசிரியன். கண்டி பஸ் நிலையத்துக்கு அருகேயிருந்த தேநீர்க்கடை ஒன்றிலே, வானொலிச் செய்தியில் அவ்வெற்றியைக் கேட்டேன். கடையில் இருந்தவர்கள் மூன்று மொழியினர். எல்லோரும் ஒன்றாகவே மகிழ்ந்தனர். அவ்வாண்டு சனவரி 8ஆம் திகதி தொடங்கிய போர்நிறுத்தம் நிலவிய நாட்கள் அவை. நாட்டிலே சிறிது காற்று வீசுவது போலிருந்தது. பதினேழு நாட்கள் கழித்து, ஏப்ரல் 19ஆம் திகதி, போர் மீண்டும் மூண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு 17ஆம் திகதி, லாகூரிலே கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை நம்மவர் வென்றனர். போரின் துயரும் கிரிக்கெட்டின் களிப்பும் சேர்ந்து அந்தத் தங்கக் கோலை மூடிவிட்டன. அதன் பின்னர் அக்கிண்ணம் நம்மிடம் மீளவில்லை. 2023இல் நிர்வாகத்தில் எழுந்த சிக்கலால், அனைத்துலகச் சம்மேளனம் நமது சங்கத்தைச் சில மாதங்கள் இடைநிறுத்தவும் செய்தது. மேலே உள்ளவர்களைக் குறை கூறுவது எளிது. நான் குறை கூறவேண்டிய ஒருவர் எனக்கு மிக அருகிலே இருக்கிறார்; அவரைப் பற்றிச் சொல்லி இப்பேச்சை நிறைவு செய்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பொதுப் பரீட்சைக்குத் தோற்றும் வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையை நான் கணித பாடத்துக்கு மாற்றினேன். பெற்றோர் மகிழ்ந்தனர். உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் என் அறைக்கு வந்து, அமைதியாக நின்று, ஒன்றும் பேசாமற் பந்துகள் வைத்திருந்த அறையின் திறப்பை மேசையில் வைத்துவிட்டுச் சென்றார். அவர் சினந்து பேசியிருந்தால் நான் விதிகளை எடுத்துக்காட்டி விடையளித்திருப்பேன். அந்தத் திறப்புக்கு என்னிடம் விடையில்லை. அன்றிரவு போகம்பறைத் திடலில் எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர் நினைவுக்கு வந்தார். தரையிலே அவர் கீறிய கோடுகள் நினைவுக்கு வந்தன. ரஹீமும் என்னைப் போலக் கலைப்பட்டதாரி. என்னைப் போலப் பாடசாலை ஊழியர். நான் இப்போது இருக்கும் வயதிலே அவர் இறந்துவிட்டார். அவர் தமக்கென்று ஒரே ஒருமுறை கேட்டார். நானோ பிள்ளைகளிடமிருந்து அவர்கள் கேளாமலே ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மறுவாரமே அப்பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். கணித முடிவுகள் அதனாற் குறையவில்லை என்று சொல்ல ஆசைதான். ஓராண்டு சற்றுக் குறையவே செய்தன, மறு ஆண்டு தேறின. பெற்றோர் கூட்டத்திலே அதற்கு விடை சொல்லவேண்டி வந்தது, சொன்னேன். எங்கள் பிள்ளைகளுள் ஒரு பலராம் இருக்கிறானா என்பது எனக்குத் தெரியாது. இருந்தால், அவன் பந்தைத் தொடும் நேரத்தை மறுப்பவன் நானாக இருக்கக் கூடாது.

நேயர்களே, உங்களிலே அதிபர்கள் இருப்பீர்கள்; ஆசிரியர்கள் இருப்பீர்கள்; பெற்றோர் பலர் இருப்பீர்கள். உங்கள் பாடசாலையின் நேரசூசியை நாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விளையாட்டு என்று எழுதப்பட்ட கட்டத்திலே உண்மையில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். பந்து அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஜகார்த்தாவிலே தங்கம் வென்ற பதினொருவரும் அத்தகைய ஒரு திறப்பு திறந்த கதவின் வழியேதான் முதன்முதலில் வெளியே வந்தார்கள்.